சென்னையில் மூன்று நாள்: பழைய ரயில் நிலையங்கள், அருங்காட்சியகங்கள், கட்டடங்கள் – எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: தாழ்வாரம்

வணக்கம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழும்பூரில் இறங்குகிறோம். ஞாயிறு இரவு அங்கிருந்தே திரும்புகிறோம். அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்கு வயது 68. சமதரையில் நன்றாக நடப்பார், படிக்கட்டு என்றால் முழங்கால் ஒத்துழைக்காது.

பார்க்க நினைப்பவை: எழும்பூர், சென்ட்ரல், ராயபுரம் ஆகிய மூன்று நிலையங்கள், எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை, உயர் நீதிமன்றம், ரிப்பன் மாளிகை, சேப்பாக்கம் பக்கம் இருக்கும் கட்டடங்கள். கடைகள், திரையரங்குகள் எதுவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமையே அருங்காட்சியகத்தை முடித்துவிடலாம் என்று திட்டம். அது சரியா? ராயபுரத்துக்கு சென்ட்ரலில் இருந்து மின்சார ரயில் பிடித்தால் போதுமா? இன்னொன்று: எல்லாக் கட்டடங்களையும் "இந்தோ சாரசெனிக்" பாணி என்று சொல்கிறார்கள். நேரில் பார்க்கும்போது அதை எப்படி அடையாளம் காண்பது?


பதில் 1: மீட்டர்கேஜ்

முதலில் திட்டத்தை மாற்றுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. மற்ற ஊர்களில் திங்கள் விடுமுறை என்பதால் பலர் இங்கும் அப்படித்தான் என்று நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். ஆகவே வெள்ளி ரயில் நிலையங்களுக்கும் வெளியில் நின்று பார்க்கும் கட்டடங்களுக்கும். சனி முழுவதும் அருங்காட்சியகம். ஞாயிறு கோட்டை.

வெள்ளி காலை இறங்கியதும் பையை எழும்பூர் க்ளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பையில் பூட்டு இருந்தால்தான் வாங்குவார்கள், வந்த ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். ஜிப்பை இழுத்து மூடிய தோள்பைக்குச் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

எழும்பூர் நிலையத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காகக் கட்டியது, 1908 ஜூன் 11 அன்று திறந்தார்கள். வடிவமைப்பில் ஹென்றி இர்வின் பெயர் முதலில் வரும். கட்டிய ஒப்பந்ததாரர் பெங்களூரு சாமிநாத பிள்ளை. நம் தென்மாவட்டங்களுக்கெல்லாம் சென்னை என்றால் முதலில் கண்ணில் பட்டது இந்தக் கட்டடம்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக இலங்கைக்குப் போன போட் மெயில் புறப்பட்டதும் இங்கிருந்தே. உள்ளே நடுமண்டபத்தில் நின்று அண்ணாந்து குவிமாடத்தைப் பாருங்கள். பிறகு நடைமேடைக்கு வந்து கூரையின் எஃகுச் சட்டங்களைப் பாருங்கள். வண்டியில் வருபவர் நடைமேடை ஓரம் வரை வந்து இறங்குவதற்கென்றே பாதை விட்டுக் கட்டிய நிலையம் இது. இப்போது மறுசீரமைப்புப் பணி நடப்பதால் எந்தப் பக்கம் தடுப்பு இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். காந்தி இர்வின் சாலைப் பக்கம்தான் பழைய முகப்பு. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வெளியேறினால் அதைத் தவறவிடுவீர்கள். (அந்தச் சாலையின் இர்வின் வைஸ்ராய். கட்டடக் கலைஞர் இர்வின் வேறு ஆள். இருவரையும் ஒன்றாக்கி எழுதிய பதிவுகள் நிறைய உலவுகின்றன.)

எழும்பூரில் இருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போனால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி மேம்பாலப் படியும் சுரங்கப்பாதைப் படியும் ஏறி இறங்க வேண்டும். அப்பாவுக்கு அது வேண்டாம். எழும்பூர் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். இரண்டு பக்கமும் லிஃப்ட் உண்டு.

சென்ட்ரலில் வெளியே வந்ததும் அரைக் கிலோமீட்டருக்குள் நான்கு கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. சாலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் தெற்கு ரயில்வே தலைமையகம், பின்னால் சென்ட்ரல், வலக்கைப் பக்கம் சற்றுத் தள்ளி விக்டோரியா பப்ளிக் ஹால், அதையடுத்து ரிப்பன் மாளிகை. சென்ட்ரல் 1873இல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைப்பில் நான்கு நடைமேடையோடு தொடங்கியது. இன்று எல்லாருக்கும் அடையாளமாக இருக்கும் மணிக்கூண்டு பிறகு வந்தது. அந்த மாற்றங்களை வரைந்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸம், வேலை முடிந்தது 1900இல். ரிப்பன் மாளிகை 1913இல் திறந்தது, கோபுரம் 132 அடி. அதிலுள்ள கடிகாரம் கால்மணிக்கு ஒரு முறை அடிக்கும். பேருந்துச் சத்தத்தில் பலர் கவனிப்பதில்லை, கால்மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு வாசலருகே போய் நின்றுவிடுங்கள்.

தெற்கு ரயில்வே தலைமையகத்தையும் எழும்பூரைக் கட்டிய அதே சாமிநாத பிள்ளைதான் கட்டினார். 1922இல் திறந்தது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்காகக் கட்டியது. காவலர் உள்ளே விடமாட்டார், வெளியிலிருந்தே பாருங்கள். கருங்கல் முகப்பைப் பார்த்துவிட்டு முழுக்கக் கல் கட்டடம் என்று எண்ண வேண்டாம். நகரத்தில் வலுவூட்டிய கான்கிரீட்டை ஆரம்பத்திலேயே பயன்படுத்திய கட்டடங்களில் ஒன்று.

டிக்கெட் விஷயம்: நடைமேடைக்குள் போக நடைமேடைச் சீட்டு அவசியம், 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். டிக்கெட்டிலும் செயலியிலும் பெயர்கள் குழப்பும். சென்ட்ரலுக்கு 2019இல் இருந்து புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் மத்திய நிலையம் என்று பெயர், ஆனால் குறியீடு இன்னும் எம்.ஏ.எஸ்.தான். எழும்பூர் எம்.எஸ்., கடற்கரை எம்.எஸ்.பி., ராயபுரம் ஆர்.பி.எம். குறியீட்டை வைத்துத் தேடினால் தப்பாது.


பதில் 2: வார்ப்புக்கூடம்

அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குமாறு மீட்டர்கேஜ் சொன்னதை வழிமொழிகிறேன். ஒன்பதரைக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடுவார்கள். ஒரே கட்டடம் என்று நினைத்துப் போகிறவர்கள் முன் கட்டடத்தில் கல்சிற்பங்களையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்த்துவிட்டு, களைத்துப் போய், பின்பக்கம் செப்புத் திருமேனிக் கூடம் இருப்பதே தெரியாமல் வெளியேறுகிறார்கள். வளாகத்தில் ஆறு கட்டடங்கள் இருக்கின்றன. டிக்கெட் வாங்கியதும் முதலில் நேராகச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போங்கள். காலையில் கூட்டம் இருக்காது, கண்ணும் மனமும் தெளிவாக இருக்கும். கேமராவுக்குத் தனிச் சீட்டு, அதை முகப்பிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் போன பிறகு கேட்டால் திரும்ப நடக்க வேண்டும்.

அங்கே மூன்று திருமேனிகளுக்கு மட்டும் தலா கால் மணி நேரம் கொடுங்கள். திருவாலங்காட்டு நடராசர். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். வடக்குப்பனையூர் இராமர், சீதை, இலக்குவன், அனுமன் தொகுதி.

அர்த்தநாரியை எல்லாரும் நேரே நின்று பார்த்துவிட்டு நகர்கிறார்கள். கைகளை எண்ணுங்கள்: வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. சிவன் பாதிக்கு இரண்டு கை, உமை பாதிக்கு ஒரு கை. மூன்று கையை வைத்து ஒரு உடலைச் சமநிலையில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை, பக்கவாட்டில் நகர்ந்து இடுப்பு வளைவைப் பார்த்தால் புரியும். ஆண் பாதியின் தோளும் பெண் பாதியின் இடையும் ஒரே கோட்டில் ஓடி முடியும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்பக்கம் போக வழி இருந்தால் முதுகையும் பாருங்கள். கோயிலில் அலங்காரத்தோடு இருக்கும்போது நாம் ஒருநாளும் காணாத பக்கம் அது. ஸ்தபதி அங்கேயும் கை குறைக்கவில்லை.

இவை உள்ளே கூடாக இல்லாத கெட்டி வார்ப்பு. மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் முதலில் நைசான வண்டலையும் பிறகு கரடான மண்ணையும் அடுக்கடுக்காகப் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் எடுக்க முடியும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. வார்ப்பில் தவறு நேர்வது பெரும்பாலும் விரல் நுனி, திருவாசிச் சுடர் (சிலையைச் சூழும் வளையத்தின் தீச்சுடர்) போன்ற மெல்லிய இடங்களில். காற்று வெளியேற வழி இல்லாமல் போனால் உலோகம் அதுவரை ஓடாது. நடராசரின் தூக்கிய பாதத்தையும் விரல்களையும் அந்த நினைப்போடு பாருங்கள். இந்தத் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வியந்து எழுதினார். நமக்கு நேரிலேயே வாய்த்திருக்கிறது.

அடுத்து ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்கள். "அமராவதி பளிங்கு" என்று பெயர் பரவிவிட்டது. உண்மையில் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். லேசான பச்சை கலந்த வெண்மை. பளிங்கைவிட மென்மை, அதனால்தான் ஆடை மடிப்பும் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு முகமும் அவ்வளவு நுணுக்கமாக வந்திருக்கின்றன. அதே மென்மைதான் அதன் பலவீனமும். 1845இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்த பலகைகள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை 1859இல் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே எஞ்சியவற்றை வெறும் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெருந்தூபி எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் தூபி வடிவப் பலகைகளும், தாமரைப் பதக்கம் பொறித்த வேலிக் கற்களும் இங்கேயே பார்க்கலாம்.

தொல்பழங்காலப் பிரிவை அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் சான்று. அவர் சேர்த்தவை 1904இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரே தோண்டியவையும் இங்கேதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் என்றால் இதற்காகவே வரலாம்.

வளாகத்துக் கட்டடங்களையும் விட்டுவிடக்கூடாது. அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது; பாந்தியன் சாலை என்ற பெயர் அங்கிருந்த பழைய பொழுதுபோக்கு மாளிகையால் வந்தது. அரைவட்ட அரங்கமான மியூசியம் தியேட்டரும் கன்னிமாரா நூலகமும் 1896இல் திறந்தவை. பழைய விக்டோரியா நினைவு மண்டபம், அதாவது தேசிய கலைக்கூடம், 1909. மூன்றுமே இர்வின் வரைந்தவை, நம்பெருமாள் செட்டியார் கட்டியவை. கலைக்கூடத்தின் முகப்பு வளைவு ஃபத்தேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசா என்ற பெருவாயிலை நினைவூட்டும். கல் சத்தியவேட்டுச் செம்மணற்கல். மியூசியம் தியேட்டர் நிகழ்ச்சி இருந்தால்தான் திறந்திருக்கும். நடக்கும் தூரம் மொத்தம் சேர்த்தால் அதிகம்தான். நடுவில் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து பிறகு தொடருங்கள்.


பதில் 3: சுண்ணாம்புக்காரை

"எல்லாமே இந்தோ சாரசெனிக்" என்பது தவறு, அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும். நீங்கள் பட்டியலிட்டவற்றில் ராயபுரமும் ரிப்பன் மாளிகையும் அந்த வகையே இல்லை. அவை கிரேக்க ரோமானியத் தூண்வரிசை மரபு. ரிப்பனில் குவிமாடக் கொத்து கிடையாது. தூண், முக்கோண முகடு, வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். சென்ட்ரலின் அடிப்படை கோதிக், அதாவது கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி. உயர் நீதிமன்றம், பல்கலைக்கழக செனட் மண்டபம், எழும்பூர், தேசிய கலைக்கூடம் ஆகியவைதான் இந்தோ சாரசெனிக் என்று தயங்காமல் சொல்லத் தக்கவை.

அடையாளம் காண எளிய வழி: கட்டடத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தரைத்திட்டம் ஐரோப்பியம்: நடுவில் மண்டபம், இருபுறமும் சிறகு, சுற்றிலும் தாழ்வாரம். சாளரத்துக்கு மேல் வளைவு முகலாயம், கூர்முனையோடு அல்லது இதழ் இதழாக. கூரையில் வெங்காயக் குவிமாடம், மினார், தூண்கள் தாங்கும் சின்னக் குடைமண்டபங்களான சத்திரிகள். இந்த மூன்றும் சேர்ந்தால் அதுதான். அதோடு நம் கோயில் கட்டடத்தின் கொடுங்கையும் (வளைந்த கூரை விளிம்பு) போதிகையும் (தூணின் தலைக்கட்டை) கலந்திருக்கிறதா என்று பாருங்கள்; சென்னைக் கட்டடங்களுக்கு மட்டும் உரிய சுவை அங்கே இருக்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹாலின் கோபுரத்தில் திருவிதாங்கூர்ப் பாணிக் கூரையையே சிஸம் வைத்துவிட்டார்.

இந்தக் கலப்புக்கு வேர் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காட்டு நவாபுக்காக 1768இல் எழுந்தது. நவாபு வம்சத்தின் பட்டம் 1855இல் முடிந்ததும் அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு மகால்களுக்கு நடுவே ஒரு கோபுரத்தைச் சேர்த்து இணைத்தவர் சிஸம். கடற்கரைச் சாலையிலிருந்து தேடினால் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் மறைத்துவிடும். வாலாஜா சாலைப் பக்கம் வந்தால்தான் கண்ணில் படும். அந்த இரண்டில் ஒன்றான கலச மகாலை 2012இல் தீ தின்றது, பிறகு மீட்டுக் கட்டினார்கள். அருகிலேயே செனட் மண்டபம், 1879இல் முடிந்தது, அதுவும் சிஸம். வெள்ளி மாலை வெயில் தாழ்ந்ததும் இந்தப் பக்கம் வாருங்கள். இங்கே உள்ளே போவதற்கு ஒன்றும் இல்லை, முக்கால் மணி நேரம் போதும்.

ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டடங்களைப் பார்க்கும்போது அழகோடு சேர்த்து நோயையும் பாருங்கள். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு மூச்சுவிடும். மழையில் ஏறிய ஈரம் வெயிலில் அதன் வழியாகவே வெளியேறும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பைக் குழைத்தது வீண் சடங்கு அல்ல. சாந்து மெதுவாக இறுகவும் விரிசல் விடாமல் இருக்கவும் அது உதவியது. பிற்காலத்தில் ஒட்டுப்போட்டவர்கள் சிமென்ட்டைப் பூசினார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். வெளியேற வழி இல்லாத ஈரம் பக்கத்துச் செங்கல் வழியாக வரும். வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவந்து மேற்பரப்பில் படியவைக்கும். உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாகப் பூத்து, சிமென்ட் திட்டைச் சுற்றி மட்டும் செங்கல் அரித்திருந்தால் காரணம் இதுதான். கடற்கரைக் காற்று அந்த உப்பை இன்னும் கூட்டும்.

கூரையில் நேர்வது வேறு. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கைமரங்கள் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பது. தட்டோட்டின் இணைப்பு விட்டால் நீர் நேராகக் கைமரத்தின் முனைக்குப் போகும். சுவருக்குள் புதைந்த அந்த முனை காற்றுப் படாமல் உளுத்துவிடும். கீழிருந்து பார்க்கிறவருக்கு மரம் நன்றாகவே தெரியும், ஒருநாள் கூரை தொங்கும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசஞ்செடியும் அப்படியே. இலையை வெட்டினால் போதாது, வேர் சாந்துக்குள் தடித்துக் கல்லைப் பிளக்கும். உயரமான குவிமாடத்தடியில் பச்சையாக ஒரு கொத்து தெரிந்தால் அதை அழகென்று படம் எடுக்காதீர்கள், அந்த இடத்தில் நீர் நிற்கிறது என்று அர்த்தம்.


கேள்வியாளர்: தாழ்வாரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளி விடுமுறை என்பது தெரியாமல் போயிருந்தால் பெரிய ஏமாற்றம். இரண்டு விஷயம் மட்டும் தெளிவாக வேண்டும். ராயபுரத்துக்கு எப்படிப் போவது? கோட்டையில் அப்பாவுக்கு எது முடியும், எது முடியாது? உயர் நீதிமன்றத்தில் பழைய கலங்கரை விளக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதில் ஏற முடியுமா?


பதில் 4: மீட்டர்கேஜ்

ராயபுரம்: சென்ட்ரலில் இருந்து ரயில் கிடையாது. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் புறப்படும் மின்சார ரயில்கள் பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்விடும், ராயபுரத்தைத் தொடவே தொடாது. கடற்கரை நிலையத்தில் இருந்து அரக்கோணம் அல்லது கும்மிடிப்பூண்டி மார்க்கமாகப் போகும் வண்டியில் ஏறினால் முதல் நிறுத்தம் ராயபுரம். கட்டணம் 5 ரூபாய். கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரம், செங்கல்பட்டு, வேளச்சேரி போகிறவை. பலகையைப் பார்க்காமல் ஏறினால் எதிர்த்திசையில் கோட்டை நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். வடக்கே போகும் வண்டிகள் இடைவெளி விட்டுத்தான் வரும், ஞாயிறன்று இன்னும் குறையும், பராமரிப்புக்காக ரத்தாவதும் ஞாயிறுகளில்தான் அதிகம். ஆகவே ராயபுரத்தை வெள்ளி முற்பகலில் முடியுங்கள். படி வேண்டாம் என்றால் சென்ட்ரல் மெட்ரோவில் இருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோ போய் அங்கிருந்து ஆட்டோ. திரும்பும்போது ஆட்டோவில் கடற்கரை நிலையத்தின் எதிரே 1884ஆம் ஆண்டுத் தலைமை அஞ்சலகத்தையும் பார்த்துவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றலாம். சென்ட்ரலின் பிரம்மாண்டம் இருக்காது. ஆனால் 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் திறந்துவைத்த நிலையம் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை போனது. பொதுமக்களுக்கான சேவை ஜூலை 1 அன்று தொடங்கியது. பம்பாயிலும் ஹவுராவிலும் ரயில் முன்னதாகவே வந்துவிட்டது என்றாலும் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இந்தியாவில் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம்தான். பல காலம் பாழடைந்து கிடந்ததைச் சீரமைத்து 2005இல் மீண்டும் திறந்தார்கள். முன்வாசல் தூண்களை வெளியில் நின்று பாருங்கள், நடைமேடையிலிருந்து பார்த்தால் அந்த அழகு தெரியாது. சரக்கு வண்டிகள் நிற்கும் பரந்த தண்டவாள வெளியையும் பாருங்கள். துறைமுகத்தோடு சேர்த்துத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும்.


பதில் 5: கொத்தளம்

கோட்டைக்கு ஞாயிறு நல்ல தேர்வு. தலைமைச் செயலகம் விடுமுறை என்பதால் வாகன நெரிசல் இல்லை. சட்டமன்றமும் உள்ளேயே இருப்பதால் வாயிலில் சோதனை எப்போதும் உண்டு, இருவரும் அடையாள அட்டை வைத்திருங்கள். பெரிய பை வேண்டாம்.

முதலில் புனித மரியாள் ஆலயம். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அது முடிந்த பிறகு போங்கள். 1680இல் திருநிலைப்படுத்தியது, சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிகன் ஆலயம். படி இல்லாமல் அப்பா முழுவதும் பார்க்கக்கூடிய இடம். உள்ளே போனதும் கூரையைப் பாருங்கள்: மரமே இல்லாத வளைந்த கட்டுமானம். சுவர் 4 அடி, கூரை 2 அடி தடிமன். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கவும் கூடாது என்று கட்டியது. முற்றுகைக் காலங்களில் ஆலயத்தைச் சேமிப்புக் கிடங்காகவும் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் இந்தத் தடிமன்தான். ஆலயம் திறந்த சில நாட்களில் பின்னர் மெட்ராஸ் ஆளுநரான எலிஹு யேல் திருமணம் இங்கே நடந்தது, 1753இல் ராபர்ட் கிளைவ் திருமணமும் இங்கேதான். வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைப் பலகைகளை மெதுவாக வாசியுங்கள். ஆங்கிலத்தோடு லத்தீனும் போர்ச்சுகீசியமும் இருக்கும். அவை வேறொரு இடத்திலிருந்த இடுகாட்டிலிருந்து கொண்டுவந்தவை, கீழே உடல்கள் இல்லை.

அடுத்து கோட்டை அருங்காட்சியகம். தரைத்தளத்தில் ஆயுதங்கள் போன்றவற்றை அப்பா பார்க்கலாம். மேலே உள்ள கூடங்களுக்குப் படி ஏற வேண்டும், படிகளும் செங்குத்து. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டு மூவர்ணக் கொடியை இங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கூடத்தில் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொண்டால், அதற்காக மட்டும் ஒரு முறை மெதுவாக ஏறி வரலாமா என்று அப்பாவே முடிவு செய்துகொள்வார். பழைய துணி என்பதால் அந்த இடத்தில் விளக்கொளி குறைவு. ஃப்ளாஷ் போட வேண்டாம்.

கலங்கரை விளக்கம் பற்றி: ஏற முடியாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நீங்கள் நிற்கும் இடமே வேறாகத் தோன்றும். சென்னைக்கு இதுவரை நான்கு விளக்குகள். முதல் விளக்கு 1796இல், நீங்கள் டிக்கெட் வாங்கி நுழையும் அந்த அருங்காட்சியகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் எரிந்தது. அப்போது அது 1795இல் கட்டி முடித்த வணிகர் பரிவர்த்தனைக் கூடம். இரண்டாவது 1844இல், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இன்றும் தனியாக நிற்கும், கிரேக்கப் பாணி டோரிக் தூண். மூன்றாவது, 1892இல் திறந்த நீதிமன்றத்தின் உச்சிக் குவிமாடத்தில் 1894 முதல் எரிந்தது. நான்காவது 1977இல் மெரினாவுக்குப் போனது. முதல் மூன்றும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. கோட்டையிலிருந்து நீதிமன்றப் பக்கம் ஆட்டோவில் சுற்றி வந்தால் அரை மணி நேரத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம். ஏறிப் பார்க்க வேண்டும் என்றால் மெரினா கலங்கரை விளக்கம்தான் ஒரே வழி; அங்கே லிஃப்ட் உண்டு.

நீதிமன்ற வளாகத்துக்குள் ஞாயிறன்று விடமாட்டார்கள், வேலை நாளிலும் வழக்கு இல்லாதவரைச் சோதித்தே அனுப்புவார்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே நடந்தாலே செங்கல் குவிமாடங்கள் எல்லாம் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே சுவரில் இருக்கிறது. கட்டடத்தை இர்வின் முடித்தார், கட்டியவர் இங்கும் நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் தம் இறுதி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடு இவருடையதுதான்.


பதில் 6: சுண்ணாம்புக்காரை

படம் எடுப்பதாக இருந்தால் வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்ட்ரலும் ரிப்பனும் தெற்கு நோக்கியவை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் சென்னைக்குச் சற்று வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் நடுப்பகலில் முகப்பு முழுவதும் நிழலில் கிடக்கும், மேலே வானம் வெளுத்துப் போகும். மற்ற மாதங்களில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் பக்கவாட்டு வெயில் விழுந்து வளைவுகளின் ஆழம் நன்றாகத் தெரியும். ரிப்பன் வெள்ளை என்பதால் உச்சி வெயிலில் விவரமெல்லாம் அழிந்துவிடும், மாலையில் எடுங்கள்.

நிலையத்துக்குள் கைபேசியில் நினைவுக்காக எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. மூன்றுகால் நிறுத்தியை விரித்தால் ரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்து அனுமதிக் கடிதம் கேட்பார்கள். தண்டவாள ஓரத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டாம். எழும்பூரில் கூரைச் சட்டங்களை எடுக்க நடைமேடையின் கடைசி முனை வரை நடந்து, அங்கிருந்து நிலையத்தைத் திரும்பிப் பார்த்து எடுத்தால் முழு நீளமும் கிடைக்கும். ஞாயிறு இரவு உங்கள் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் அதற்கு நேரம் இருக்கும்.